வலைக்குப் பின்னால்

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆட்டம் என்ன ஆயிற்று என்று என் தம்பியிடம் யாரும் கேட்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் தண்ணீர் கேட்கும் குரலிலேயே தெரிந்துவிடும். பாதிச் சொல்தான் வெளியே வந்தது என்றால் அவனுடைய அணி ஜெயித்திருக்கிறது. கரகரப்போடு முழுச் சொல்லும் வந்தால் சமன். போகும்போது இருந்த குரலே அப்படியே திரும்பி வந்தால் தோல்வி. தோற்கிற ஆட்டத்தில் கடைசி நேரத்தில் அவன் வாயைத் திறப்பதில்லை. ஜெயித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சைகையில் பேசுவான். திங்களன்று பட்டறைக்குக் கிளம்பும்போது குரல் பாதி திரும்பியிருக்கும். வாரத்தின் நடுவில் பழைய தொண்டை வந்துவிடும். வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை. வேறு வீட்டில் ஒருவனுக்குத் தொண்டை கட்டினால் வெந்நீர் வைப்பார்கள், விடாமல் கட்டியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். எங்கள் வீட்டில் யார் கோல் போட்டது என்று கேட்பார்கள்.

அதனால்தான் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அப்பா கட்டிய வீட்டில் முன்பாதி எனக்கு, பின்பாதி தம்பிக்கு. நடுவில் ஒரு சுவரும், சாத்தாத ஒரு கதவும். என் மனைவி காலமான பிறகு எனக்குச் சாப்பாடு பின்பாதியில்தான். தம்பி, அவன் மனைவி, செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்கும் அவர்களுடைய மகள், அவர்களோடு நான். நாங்கள் நால்வரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்.

தம்பிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறையில் வேலை. தேய்ந்து மொட்டையான டயரை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, மேல்தோலைச் சுரண்டி எடுப்பது அவன் பங்கு. சுரண்டச் சுரண்டக் கருந்தூள் பறக்கும். பிறகு பசை தடவி, புதுப் பட்டையைச் சுற்றி, சூட்டு அறையில் வேகவைப்பார்கள். இயந்திரச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. கத்தித்தான் பேச வேண்டும். அந்தத் தொண்டை அங்கே வளர்ந்த தொண்டை. மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொள்ளடா என்றால், "துணி கட்டிட்டா நான் சொல்றது எவனுக்குக் கேக்கும்" என்பான். சனிக்கிழமை மதியத்தோடு கிளம்பிவிடுவான். ஒருமுறை முதலாளி மாலைவரை இருக்கச் சொன்னபோது, "சம்பளத்தைப் பிடிச்சுக்குங்க, சனிக்கிழமையைப் பிடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன்.

கால்பந்தில் அவனுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் கிடையாது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவான்.

"டிவில பாக்குறது மேட்ச்சே இல்லண்ணே. அது மீன் தொட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னமோ ஓடுது, இந்தப் பக்கம் நாம வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கோம். நாம கத்தினா அதுங்களுக்குக் கேக்குமா?"

"நீ கத்தறது எனக்குக் கேக்குதே, அது போதாதா" என்பேன்.

"கடைசி விசிலுக்கு முன்னாடி எழுந்து போறான் பாருங்க, அவனை நம்பக் கூடாது. சாவு வீட்ல பொணத்தை எடுக்கறதுக்குள்ள செருப்பைத் தேடுற ஜாதி."

அவனுக்குப் பிடித்த பேச்சு கோல்கீப்பரைப் பற்றியது. மைதானத்தில் கோலி என்பார்கள். "கோல் போடுறவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி. ஒரு நாள் மாலை, ஒரு நாள் ஊர்வலம். கோலி அப்படியில்ல. வீட்டுப் பொம்பளை மாதிரி. வருஷம் முழுக்கச் சோறு நல்லாருந்தா ஒருத்தனும் பேசமாட்டான். ஒரு நாள் கருகினா ஊரே பேசும்."

"அந்தப் பொம்பளை இங்கதான் கரண்டியோட நிக்கிறா" என்பாள் அவன் மனைவி. "பேசினது போதும், தட்டை நீட்டுங்க."

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிறவரை எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. வெளியே அவனுக்கு இருந்த பெயர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மில் சங்கு ஊதுவதைப் போலக் கத்துகிறான் என்று மைதானத்தில் அவனைச் சங்கு என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா ஆசையாக வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது. மற்ற ரசிகர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இவன் மட்டும் தன் அணியின் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சொந்த அணிக் கோலியையே ஆட்டம் முழுக்கத் திட்டுவான். இடைவேளையில் இரண்டு அணிகளும் பக்கம் மாறும்போது, இவனும் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அந்தப் பக்கத்து வலைக்குப் போவான். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அதற்கும் கை தட்டுவார்கள்.

நான் நகராட்சி அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மைதானம் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பில்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் கீழே வேலை பார்க்கிறவர்கள் என் மேசைக்கு வந்து, "சார், உங்க தம்பி முந்தாநாள் அந்தக் கோலியைக் கழுதைன்னான், எருமைன்னான், பாவம் சார் அவன்" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் தெருவில் குரல் உயர்த்தியவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. அதை அவனிடம் சொன்னேன்.

"அது தெரு இல்லண்ணே, மைதானம்" என்றான்.

ஆட்டம் நடக்கும்போது நான் அந்தப் பக்கம் போனதில்லை.

மழைக்காலத்தில் ஆட்டம் கிடையாது. மைதானத்தில் தண்ணீர் நிற்கும், கோல் கம்பங்களின் கால்கள் முழுகியிருக்கும். அந்த மாதங்களில் தம்பிக்குச் சத்தம் போட வேலையில்லை என்பதால் குரல் மணி மாதிரி இருக்கும். தெருமுனையில் வரும்போதே மகளைக் கூப்பிடுவான், அவள் கதவைத் திறந்து வைப்பாள். அந்த வருஷம் மழை பெய்து, நின்று, தரை காய்ந்தது. தொண்டை மட்டும் தெளியவில்லை. ஒரு நாள் அவன் கதவை விரலால் தட்டிக்கொண்டு நின்றான். மகள் திறந்துவிட்டு, "என்னப்பா புதுசா தட்டறீங்க, கூப்பிடவேண்டியதுதானே" என்றாள்.

"கூப்பிட்டேன்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கேட்கவில்லை.

புதிய ஆட்டங்கள் தொடங்கின. குரல் போனது ஆட்டத்தால்தான் என்று சொல்ல மறுபடியும் அவனுக்கு வசதி கிடைத்தது. சோற்றை இறங்கவைக்கத் தண்ணீர் குடித்தான். பிறகு சோற்றை விட்டுவிட்டு ரொட்டியை டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டான். காது வலிக்கிறது என்றான். ஒரு நாள் கைக்குட்டையில் எச்சிலோடு சிவப்பாக ஏதோ இருந்ததைத் துணி துவைக்கும்போது மனைவி பார்த்துவிட்டாள். மறுநாள் மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று வீட்டுக்கு மூத்தவன் என்று நானும் போனேன்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"குரல்வளையில புத்துநோய். முழுசா எடுத்துடணும். கழுத்துல ஒரு துளை வெப்போம், அது வழியா மூச்சு விடுவீங்க. சாப்பாடு வாய் வழியாவே சாப்பிடலாம். பேச்சுதான் வராது."

"கொஞ்சம்கூட வராதுங்களா?" என்றான் தம்பி.

"இந்தக் குரல் வராது. பழகினா வேற மாதிரி கொஞ்சம் சத்தம் வரலாம்."

"சத்தமாக் கூப்பிட முடியுமா?"

"முடியாது."

"சீசன் முடிஞ்சதும் வந்துடறேன் டாக்டர்."

"என்ன சீசன்?"

"கால்பந்து."

டாக்டர் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வெகுநாள் கழித்து ஒரு வெளியாளின் முன்னால் நான் தலையைக் குனிந்தேன். "அதுவரைக்கும் தள்ளிப் போட்டா எடுக்கறதுக்கு வழி இருக்காது" என்றார் அவர். "இப்ப எடுத்தா நல்லா இருக்க வாய்ப்பிருக்கு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டையை மாற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். அவன் மனைவி அழவில்லை. அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். தேய்த்து முடித்து, கழுவி, மறுபடியும் தேய்த்தாள்.

"மாமா, நீங்க சொன்னா கேப்பாரு."

"சொல்றேம்மா."

"குரல் போயிடும்னு பயப்படறாரோ என்னமோ. எனக்கு அவர் குரல் வேணாம் மாமா. இத்தனை வருஷம் கேட்டதே இன்னொரு ஜென்மத்துக்குப் போதும். ஆள் வேணும்."

ஞாயிறு காலை, பின்பக்கத்துக் குழாயடியில் அவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். ரப்பர்க் கறை சோப்புக்குப் போகாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் முழங்கைவரை துடைத்து, அதன் மேல் சோப்புத் தூளைப் போட்டுத் தேய்ப்பான். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். நான் போய் நின்றேன்.

"ஆபரேஷனுக்கு ஏன் மாட்டேங்கிற?"

"மாட்டேன்னு எங்க சொன்னேன்? அப்புறம்னுதானே சொன்னேன்." குரல் காற்றில் கிழிந்த துணி போல இருந்தது.

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?"

"காதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. தொண்டைக்குத்தான்."

"விளையாடாதே. ஒருத்தனைக் கழுதை எருமைன்னு திட்டறதுக்காக உயிரை விடுவியா? நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது, பந்துக்காகச் செத்தான்னா? நம்ம அப்பா பேரைச் சொல்லிச் சிரிக்கமாட்டாங்களா?"

அவன் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கியதும் துணி துவைக்கிற கல்லைக் காட்டினான்.

"உக்காருங்கண்ணே. உக்காந்து கேளுங்க. நான் அவனைத் திட்டறதில்ல."

"ஊரே கேட்டிருக்கு."

"ஊர் கேட்டுது. அவனுக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும். கழுதைன்னா இடது பக்கம் ஆள் வர்றான்னு அர்த்தம். எருமைன்னா வெளிய வராதே, கோட்டுலயே நில்லுன்னு. தண்டச்சோறுன்னா இடது கம்பத்தை ஒட்டிப் போ." குழாயை மூடினான். "அவனுக்கு இடது கண்ணு தெரியாது."

நான் கல்லில் உட்கார்ந்தேன்.

"கட்டட வேலைக்குப் போனப்போ சுண்ணாம்பு தெறிச்சுது. பாக்கறதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கும். டீம்ல ஒருத்தனுக்கும் தெரியாது."

"உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"முன்னாடி உக்காந்து பாக்கறவனுக்கெல்லாம் கோலியோட மூஞ்சி தெரியும். எனக்கு அவன் பிடரிதான் தெரியும். மூஞ்சி நடிக்கும், பிடரி நடிக்காதுண்ணே. இடது பக்கம் பந்து வந்தா மட்டும் முழுக் கழுத்தையும் திருப்புவான். ரெண்டு மேட்ச் பாத்தேன். மூணாவது மேட்ச்ல சும்மா ஒரு வார்த்தை கொடுத்தேன், இடதுன்னு. பறந்து போய்ப் பிடிச்சான். எழுந்து வந்து என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க. அதுலேர்ந்து இப்படித்தான். இடதுன்னு கத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே, அதான் கழுதை. எல்லாரும் நடுவரைப் பாத்துக் குருடான்னு கத்துவாங்க. நான் அந்த வார்த்தையை மைதானத்துல சொன்னதே இல்ல. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க."

"சரி, வேற ஆளை நிக்க வையேன். இல்லேன்னா ஒரு விசில் ஊது."

"விசில் ஊதினா நடுவர் என்னைத் தூக்கி வெளிய போட்டுடுவாரு. வேற ஆள்னா கண்ணு விஷயத்தைச் சொல்லணும். அதோட, பந்து வந்தப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? வர்றதுக்கு முன்னாடி சொல்லணும். அதுக்கு நான் அவனோட எத்தனை வருஷம் நின்னிருக்கேன்."

"தெரிஞ்சா என்ன? ஆடாம இருந்துட்டுப் போறான்."

"கிளப் தலைவரோட சிலிண்டர் கிடங்குலதான் அவனுக்கு வேலை. ஆடறவரைக்கும்தான் அந்த வேலை. இந்த சீசன் மேல்பிரிவுக்கு ஏறினா எல்லாரையும் நிரந்தரம் பண்றேன்னு தலைவர் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும்தான் கேக்கறேன்."

"அதுவரைக்கும் நீ இருப்பியா?"

"இருந்து பாக்கறேன்." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, என் தொண்டை விஷயம் அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த நிமிஷமே கையுறையைக் கழட்டி வெச்சிடுவான், அவன் அப்படிப்பட்ட ஆளு. நீங்க வாக்குக் கொடுங்க."

எங்கள் வீட்டில் வாக்கு என்பது சாதாரணமாகக் கேட்கிற பொருள் அல்ல. கேட்டால் மறுக்கிறதும் இல்லை. சொல்லமாட்டேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவன் போனான், வந்தான். அணி ஒரு ஆட்டத்தில் ஜெயித்தது, ஒன்றில் சமன். வீட்டில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. இருக்கிற குரலைச் சேர்த்து வைக்கிறான் என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது. எதற்காகச் சேர்க்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கஞ்சி இறங்கவும் சிரமமாயிற்று. குனிந்து, கழுத்தைச் சாய்த்து, மிடறு மிடறாக விழுங்குவான். படுத்தால் மூச்சு இழுத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மகள் ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் முன் என் அறைக்கு வந்தாள். "பெரியப்பா, அப்பாவுக்கு நாங்க வேணுமா, அந்த டீம் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க. எங்ககிட்ட பதில் வரலை" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். வாசல்வரை போய், திரும்பி வந்து, என் மேசையில் கிடந்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு சிலிண்டர் கிடங்குக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே, முள்வேலி போட்ட இடம். லாரியிலிருந்து சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவன் சரித்துவிட, கீழே ஒருவன் தரையில் போட்டிருந்த பழைய டயரின் மேல் அதைத் தாங்கி, அடி விளிம்பில் சாய்த்து, கைக்கு ஒன்றாக உருட்டிக்கொண்டு போனான். முப்பது வயதிருக்கும், நெடிய ஆள். நான் அவனுடைய இடது பக்கமாகப் போய் நின்றேன். அவன் உருட்டிக்கொண்டே என்னைக் கடந்து போனான். திரும்பி வந்தான், மறுபடியும் கடந்து போனான். நான் தொண்டையைக் கனைத்த பிறகு உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தான்.

"சங்கண்ணனோட அண்ணன்தானே? வாங்கய்யா. தீப்பெட்டி கீப்பெட்டி இருந்தா மட்டும் வெளிய வெச்சிடுங்க."

"நான் சிகரெட் பிடிக்கிறதில்ல."

"அண்ணன் சொல்லியிருக்காரு. சிரிக்கறதும் இல்லைன்னு." சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டான். "சும்மா சொன்னேன்யா."

நான் நின்றபடியே சொன்னேன். நோயின் பெயர், டாக்டர் சொன்னது, தம்பி தள்ளிப்போடுவது, எதற்காகத் தள்ளிப்போடுகிறான் என்பது. அவன் குறுக்கிடவில்லை. கையில் இருந்த சிலிண்டரின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டே கேட்டான்.

"போன மாசமே கேட்டேன்யா. என்னண்ணே, கழுதைக்குச் சுருதி இறங்கிப் போச்சேன்னு. பட்டறைத் தூசின்னாரு. இப்பல்லாம் வலையில முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாத்தான் எனக்குக் கேக்குது." மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எங்கிட்ட சொல்லச் சொன்னாரா?" என்றான்.

"சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்கான்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"அவன் என் தம்பி."

லாரி மேலிருந்தவன் சத்தம் போட்டான். இவன் கையைக் காட்டி இருக்கச் சொன்னான்.

"நான் என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"நான் ஒண்ணும் கேக்க வரல. விஷயத்தைச் சொல்லிட்டேன்."

"கேக்காமலே கேக்கறீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. லாரியைப் பார்த்து நடந்தான். பாதியில் நின்று, "என் பொண்ணு இப்பத்தான் நடக்கப் பழகுதுய்யா" என்றான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தம்பி வழக்கம் போல நாற்காலியை எடுத்துக்கொண்டு போனான். அங்கே நடந்ததை அவன் மனைவி சொல்லித்தான் நான் அறிந்தேன். வலைக்கு முன்னால் வேறு ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். பழைய கோலி வெள்ளிக்கிழமையே பயிற்சியாளரிடம் போய்த் தன் கண்ணைப் பற்றித் தானே சொல்லிவிட்டானாம். ஆட்டம் தொடங்கியதும் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்து தம்பியின் பக்கத்தில் நின்று, "உங்க அண்ணன் வந்திருந்தாரு. இனிமே நீங்க இங்க நிக்கவேண்டிய அவசியமில்லண்ணே" என்றானாம். புதியவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. அவனிடம் தம்பிக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி விசிலுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் வாழ்நாளில் அப்படி வந்தது அன்றுதான். நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கடந்து உள்ளே போய், "நாளைக்கு ஆஸ்பத்திரியில சேத்துடு" என்று மனைவியிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அவன் பேசினான். வலியோடு, நிறுத்தி நிறுத்தி, மிச்சமிருந்த குரலையெல்லாம் எடுத்துப் பேசினான். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிச் சொன்னான். மனைவியிடம் பழைய சண்டை ஒன்றை எடுத்து, "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி" என்றான். "இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு வருஷமா" என்றாள் அவள். பேப்பர் போடுகிறவனை நிறுத்திவைத்து, ஆஃப்சைடு விதியை மாற்றியது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று விளக்கினான். ஒரு நாள் மதியம் கோலியின் வீட்டுக்குப் போய் இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தான். கிடங்கு வேலை புதிய கோலிக்குப் போய்விட்டது என்பதும், பழையவன் மனைவியின் ஊருக்குக் கிளம்புகிறான் என்பதும் அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தன.

என்னிடம் பேசவில்லை.

சாப்பிடும்போது, "கஞ்சி சூடா இருக்கா, ஆறட்டுமா" என்று கேட்டேன். கிண்ணத்தைத் தள்ளிவைத்து ஆறவைத்தான். வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி ஜாடை காட்டினாள், மகள் நேராகவே சொன்னாள். "பெரியப்பா உங்களுக்காகத்தானே போனாரு." அவன் சுவரைப் பார்த்தான். நான் இன்னொரு முறை கேட்கவில்லை. கெஞ்சுவது எங்கள் வழக்கம் அல்ல, அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

செய்தது சரிதான் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அவன் இன்று உயிரோடு இருக்கிறான். கழுத்தில் ஒரு துணி கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகிறான், கணக்குப் பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மகளுடைய கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறோம். வாக்கு பெரிதுதான். அதைக் காப்பாற்றிவிட்டு அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தால், அந்தப் பெண்கள் இருவருக்கும் முன்னால் நான் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்?

ஆபரேஷன் அன்று காலை அவனை உடை மாற்றித் தள்ளுகட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே" என்றான். மகளிடம், "கடைக்கு லீவு சொன்னியா" என்றான். அவர்கள் இருவரையும் அறுவை அறைக் கதவுவரை வரவிடவில்லை. கையெழுத்துப் போட ஒரு ஆண்பிள்ளை போதும் என்றார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்து போனேன். நீளமான தாழ்வாரம். கட்டிலின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. அவன் கூரையைப் பார்த்தபடி இருந்தான். ஏதாவது சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சக்கரச் சத்தம் குறையும் இடத்திலெல்லாம் காது கொடுத்துக்கொண்டுதான் நடந்தேன்.

கதவுக்கு முன்னால் பச்சை உடை போட்ட நர்ஸ் ஒருத்தி வந்து நின்றாள். சின்னப் பெண். குனிந்து அவனுடைய பெயரைக் கேட்டாள். சொன்னான். அப்பா வைத்த பெயரை, அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுசாகச் சொன்னான்.

"கூட வந்திருக்கறது யாரு, உங்களுக்கு என்ன வேணும்?"

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அத்தனை நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தான். அவள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எங்க வீட்டுப் பெரியவர்" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பிக் கையெழுத்துக்கு இடத்தைக் காட்டினாள். நான் போட்டேன். கட்டிலை உள்ளே தள்ளினார்கள், கதவு சாத்திக்கொண்டது. அண்ணன் என்பது அதைவிடச் சின்னச் சொல். அதைச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தொண்டை அவ்வளவு வலித்திருக்காது.